வேடமும் வாழ்வும்: ஒரு விண்வெளி நாடகத்தின் வரலாறு

நாடகம் முடிந்து திரை விழுந்ததும் வேடத்தைக் களைந்துவிடுதல் நடிகருடைய வழக்கம். ஆனால், கண்டு களித்த மக்கள் அவ்வேடத்தை அவரிடமிருந்து பிரித்துப் பார்க்க எளிதில் உடன்படுவதில்லை. தொலைக்காட்சி என்னுஞ் சாதனம் வீடுதோறும் புகுந்த பின்னர் இவ்வுண்மை முன்னையிலும் பார்க்க வலிமையுடன் வெளிப்பட்டது. அமெரிக்காவிலே 1966ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் விஞ்ஞானக் கற்பனை நாடகத் தொடரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தொடரை வகுத்தவர் ஜீன் ரொடன்பெரி என்பவர். இரண்டாம் உலகப் போரிலே விமானமோட்டியாகவும், அதன்பின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பொலிஸ் உத்தியோகத்தராகவும் கடமையாற்றிப் பின்னர் எழுத்துத் துறையிற் புகுந்தவர் அவர். வருங்காலத்தில், ‘என்டர்பிரைஸ்’ என்னும் விண்கப்பலிலே பல இனத்தவர் ஒன்றாகப் பயணஞ் செய்து புதிய உலகங்களைக் காண்பதே அவர் வகுத்த கதை. என்.பி.சி. என்னும் ஒளிபரப்பு நிறுவனம் அவர் முதலில் எடுத்த மாதிரிப் படத்தை ஏற்கவில்லை. இரண்டாவது படமே ஏற்கப்பட்டது. 1966 செப்டெம்பர் 8ஆந் திகதி தொடர் ஒளியேறியது.

கப்பற்றலைவர் கேர்க் ஆக வில்லியம் ஷற்னரும், கூரிய செவிகளும் உணர்ச்சியை அடக்கிய முகமுமுடைய வேற்றுலகத்தவரான ஸ்பொக் ஆக லெனாட் நிமோயும் நடித்தனர். ஏனையோருடைய வாழ்க்கையும் கவனிக்கத்தக்கது. கப்பலைச் செலுத்தும் சுலு ஆக நடித்த ஜோர்ஜ் தகேய், யப்பானிய வமிசத்தவர் என்ற ஒரே காரணத்தால் போர்க்காலத்திலே குடும்பத்தோடு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவர்களுள் ஒருவர். பொறியியலாளர் ஸ்கொட் ஆக நடித்த ஜேம்ஸ் டூஹான், 1944இலே கனடியப் படையுடன் நோர்மண்டிக் கரையில் இறங்கி, குண்டடிபட்டு வலக்கையின் நடுவிரலை இழந்தவர். படப்பிடிப்பின்போது அக்கையை இயன்றவரை மறைத்தே நடிப்பார். போரினாற் பிரிக்கப்பட்ட மக்களின் மைந்தர் ஒரே கப்பலின் மாலுமிகளாகத் தோன்றியமை அக்காலத்திற் புதுமையே. அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைத்து நின்ற வேளையில், 1967இலே செக்கொவ் என்னும் இரஷ்ய இளைஞன் பாத்திரமும் சேர்க்கப்பட்டது. அதனை ஏற்றவர் வோல்டர் கேனிக்.

செய்தித் தொடர்பு அதிகாரியான உஹுரா என்னும் பாத்திரத்தை ஏற்றவர் நிசெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பின நடிகை. அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியிலே கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் வேலைக்காரிகளாகவே காட்டப்பட்டனர். அதிகாரியாகத் தோன்றும் வாய்ப்பு அரிது. எனினும், சொல்வதற்கு வசனம் மிகக் குறைவாகவே கொடுக்கப்பட்டமையால் மனஞ்சலித்த நிக்கல்ஸ், முதலாம் ஆண்டு முடிவிலே விலகிச் சென்று இசை நாடக மேடையிற் சேர எண்ணினார். தம் முடிவை ரொடன்பெரியிடம் தெரிவித்தும்விட்டார். சில நாள் ஆறியிருந்து சிந்திக்கும்படி அவர் வேண்டினார்.

இவ்விடைவேளையில் விழா ஒன்றிலே, நாடகத்தின் பெரும் இரசிகர் ஒருவர் அவரைக் காண விரும்புவதாகச் சொல்லப்பட்டது. திரும்பிப் பார்த்த நிக்கல்ஸின் எதிரே நின்றவர் மாட்டின் லூதர் கிங். விலகப்போவதாக அவர் கூறியதும், அது கூடாது என்று கிங் மறுத்துரைத்தார். கறுப்பின மக்கள் அறிவும் மதிப்பும் உடையவராக வாழும் வருங்காலத்தை அப்பாத்திரம் எல்லார்க்கும் காட்டுகின்றது என்றும், தம் பிள்ளைகள் இரவில் விழித்திருந்து பார்க்கத் தாம் இடங்கொடுக்கும் நாடகம் அதுவே என்றும் அவர் எடுத்துரைத்தார். இதனைப் பின்னாளிற் பலமுறை கூறியவர் நிக்கல்ஸே. அடுத்த திங்கட்கிழமை அவர் திரும்பிச் சென்று தொடர்ந்து நடிக்க இசைந்தார்.

நடிகையைக் காத்தது ஓர் இரசிகரின் சொல். நாடகத்தையே காத்தது இரசிகர் கூட்டம். பார்ப்போர் தொகை போதாது என்று 1967இன் இறுதியிலே தொடரை நிறுத்த நிறுவனம் எண்ணியபோது, ஜோன் ட்ரிம்பிள், பிஜோ ட்ரிம்பிள் என்னும் தம்பதியர் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். ஒரே மாதிரியான மனுவிற் பலர் கையொப்பமிடுவதினும், ஒவ்வொருவரும் தத்தம் சொல்லிலே கடிதம் எழுதுதலே பயன்தரும் என அவர்கள் அறிவுறுத்தினர். பல்லாயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. 1968 சனவரியிலே கலிபோர்ணியத் தொழினுட்பக் கழக மாணவர்கள் நிறுவனத்தின் வாயில்வரை ஊர்வலமாகச் சென்றனர். மார்ச் முதலாந் திகதி, தொடர் நீடிக்கும் என்று நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது.

ஆயினும், வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. இளைஞர் வீட்டில் தங்காத வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு நாடகம் மாற்றப்பட்டது. செலவும் குறைக்கப்பட்டது. 1969 யூனில், 79 நாடகங்களுடன் தொடர் நின்றது. அதன்பின்னரே அதன் உண்மையான வாழ்வு தொடங்கிற்று எனலாம். நாடெங்கும் சிறு நிலையங்கள் அதனை மாலை நேரங்களில் மறு ஒளிபரப்புச் செய்தன. 1967 முதலே இரசிகர்கள், அவருட் பெண்கள் பலர், தாமே எழுதி அச்சிட்ட ஏடுகளைப் பரிமாறி வந்தனர். 1972 சனவரியிலே நியூயோர்க்கில் அவர்கள் கூட்டிய மாநாட்டுக்குச் சில நூற்றுவரே எதிர்பார்க்கப்பட்டனர். வந்தவரோ மூவாயிரத்துக்கு மேற்பட்டோர்.

இப்புகழின் சுமையைத் தாங்கியோர் நடிகரே. மறு ஒளிபரப்புகளால் நிறுவனம் பெருவருவாய் ஈட்டியபோதும் நடிகர்க்குக் கிடைத்தது சிறிதே. புதிய வேடம் தேடிச் சென்ற இடமெல்லாம் பழைய வேடமே முன்னே போய் நின்றது. நிமோய் 1975இலே ‘நான் ஸ்பொக் அல்லன்’ என்ற பெயரில் நூலொன்று எழுதினார். பாத்திரத்தை வெறுக்கும் நூலன்று அது. எனினும், தலைப்பைக் கண்ட இரசிகர் பலர் மனம் புண்பட்டனர். இருபது ஆண்டு கழித்து, 1995இலே, ‘நான் ஸ்பொக்’ என மற்றொரு நூலை அவர் வெளியிட்டார். இவ்விரு தலைப்புகளுக்கும் இடையே கிடக்கின்றது ஒரு நடிகருடைய நீண்ட மனப்போராட்டம்.

இரசிகரின் ஆர்வம் மெய்யான விண்வெளியையும் எட்டியது. அவர்களின் கடிதங்கள் காரணமாக, 1976இலே சனாதிபதி போட் முதலாவது விண்ணோடத்துக்கு ‘என்டர்பிரைஸ்’ எனப் பெயரிட இசைந்தார். அவ்வோடம் வெளிக்கொணரப்பட்ட விழாவிலே நடிகர் பலர் நின்று கண்டனர். மறு ஆண்டு, நாசா நிறுவனம் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் விண்வெளி வீரராகச் சேர அழைக்கும் பணியை நிக்கல்ஸிடம் ஒப்படைத்தது. 1978இலே தெரிவான குழுவில் முதன்முறையாகப் பெண்களும் கறுப்பினத்தவரும் இடம்பெற்றனர். 1992இலே விண்வெளி சென்ற முதற் கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், இளமையிலே உஹுராவைக் கண்டு ஊக்கம் பெற்றவர்.

நிமோய் 2015இலும் நிக்கல்ஸ் 2022இலும் மறைந்தனர். வசனம் போதாதென்று விலக நினைத்த நடிகை, ஓர் இரசிகரின் சொல்லுக்குச் செவிசாய்த்து நின்றார். அந்த இருக்கையில் அவர் இருப்பதைக் கண்டே, தமக்கும் அங்கே இடமுண்டு எனச் சிறுமியர் சிலர் நம்பினர். சிறு வேடம் என்று எதனையும் இகழ்ந்து ஒதுக்கலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.