அட்டியும் அளவும்

விறகு அடுக்குவதிலும் வரலாறு உண்டோ என்று நம் இளைய தலைமுறையினர் வினவக்கூடும். சென்னையில் விறகுத்தொட்டிக்கும் தில்லியில் ‘டால்’ எனப்படும் விறகுக்கடைக்கும் நடந்த கால்கள் நம் முன்னோருடையவை. அவர்களது அடுப்பின் வரலாறு, அட்டியின் வரலாறுமாகும்.

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இங்கிலாந்து நிலக்கரி விலைமிக்கதாகையால் எஞ்சின்களும் விறகையே உண்டன. அதே ஆண்டில் சென்னை மாகாண வனத்துறை தோன்றியது. கிளெக்ஹார்ன் அதன் தலைமைக் காப்பாளரானார். காடுகள் குறையவே, கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. சவுக்கும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்து வந்து வேரூன்றியதே! 1878-இல் பக்கிங்காம் பெயர் பெற்ற கால்வாய்வழியே படகுகள் விறகைச் சென்னைக்குச் சுமந்தன.

இவ்வாறு வந்த விறகை அளப்பது எங்ஙனம்? எடைக்கு விற்றால் ஈரம் ஏமாற்றும். பச்சை மரத்தின் எடையில் பாதிவரை நீராக இருக்கக்கூடும். அட்டிக்கு விற்றால் இடைவெளி ஏமாற்றும். ஆங்கிலேயரின் ‘கார்டு’ என்னும் அட்டி 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். ஆக 128 கன அடி. நன்கு அடுக்கினாலும் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே மரம், எஞ்சியது காற்று. கோணலாக அடுக்கினால் ஏழை வாங்குவோன் மேலும் காற்றையே விலைகொடுத்துப் பெறுவான்.

செங்கற்பட்டுக் கடலோரச் சிற்றூரில் நம் பாட்டனார் அட்டி போடுவதை இளமையில் கண்டிருக்கிறோம். முதலில் இரு நீண்ட கட்டைகளைத் தரையில் இணையாகக் கிடத்துவார். மண்ணின் ஈரம் மேலேறாது, காற்றும் ஊடாடும். இரு முனைகளிலும் ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் வைத்துத் தூண்போல் எழுப்புவார். அவற்றிடையே அடிப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறிமாறி வர அடுக்குவார். இல்லையேல் தடித்த பக்கம் உயர்ந்து அட்டி சாயும். ஓர் ஆண்டு மழைக்கு முன் அவசரமாக முனைக்கட்டின்றிப் போட்ட அட்டி நள்ளிரவில் சரிந்தது. மறுநாள் அவர் ஒரு சொல்லும் பேசாது அனைத்தையும் பிரித்து, அடியிலிருந்தே மீண்டும் அடுக்கினார்.

1965-இல் அறிமுகமான இண்டேன் எரிவாயு, பின்னர் நம் இல்லங்களில் அடுப்பை மாற்றியது. புகை நீங்கியது நன்றே. ஆயினும் நேராக நின்ற அட்டி, விற்பவன் நாணயத்தைக் கண்ணுக்குக் காட்டிய துலாக்கோல் என்பதை நம் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.