மறைத்த பாகமும் முடக்கிய பாகமும் ஒன்றல்ல

அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னவில் தோமஸ் லிப்டன் 1890இல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைக் கட்டினார். அப்படியொன்றை இன்று கணினியில் வரைவதாக வைத்துக்கொள்வோம். கொழுந்து வாட்டும் தொட்டிகள், ரோலர்கள், ட்ரையர், சலிக்கும் இயந்திரங்கள் என்று தொடங்கி போல்ட், பேரிங் வரை சேர்த்தால் பாகங்கள் ஆயிரக்கணக்கில் போகும். பதுளையிலோ கிளிநொச்சியிலோ பழைய மடிக்கணினியில் படிக்கும் பிள்ளைக்கு அங்கேதான் சிக்கல். திரை உறைந்துவிடும்.

சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் ஒரு பாகத்தைக் கண்ணிலிருந்து அகற்ற இரண்டு வழிகள் உண்டு. மறைத்தால் (ஹைட்) பாகம் திரையில் மட்டுமே இல்லை. நினைவகத்தில் இருக்கும், மற்றப் பாகங்களுடனான பிணைப்பும் இயங்கும். முடக்கினால் (சப்ரஸ்) அது நினைவகத்திலிருந்தே இறங்கிவிடும். கணினி இலகுவாகும். ஆனால் பிணைப்புகளும் சேர்ந்தே போகும்.

ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பார்க்க மேல் மூடியை மறைத்தால் போதும்: மூடியின் மேல் மவுஸை வைத்து டாப் விசை, திரும்ப வரவழைக்க ஷிப்ட்டுடன் டாப். மூடிக்குப் பதில் மேசையையே முடக்கினால், அதனுடன் பிணைத்த கிராங்குகள் பிடிப்பின்றி நகரத் தொடங்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பாகப் பட்டியலில். மறைத்த பாகம் பட்டியலில் இருக்கும், முடக்கியது இராது. அந்தப் பட்டியலை வைத்துக் கொழும்பில் பேரிங் வாங்கினால் என்ன ஆகும்? கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலைக் காலம். வாட்டிய கொழுந்து ஒரு பேரிங்குக்காகக் காத்திருக்காது. எடையிலும் கவனம் தேவை. மறைத்த பாகங்களைச் சேர்ப்பதா என்ற தெரிவை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணமில்லாதவர்களுக்கு இலவசமான ஃப்ரீகேட் இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பாகங்களைப் பொருத்தும் வசதியும் உள்ளடங்கியது. பாகத்தைத் தெரிந்து இடைவெளி விசையை அழுத்தினால் மறையும். மரப்பட்டியலில் அதன் பெயர் மங்கித் தெரியும். ஆனால் நினைவகச் சுமை குறையாது. அதனால் வாட்டும் தளம், ரோலர் தளம், ட்ரையர் என்று தனித்தனிக் கோப்புகளாக வைத்து, வேண்டியதை மட்டும் திறப்பதே சிறிய கணினிக்குச் சரி என்பது என் கருத்து.

சொலிட்வேர்க்ஸில் வேலை செய்பவர்கள் எதுவும் முடக்கப்படாத ஒரு நிலையை 'முழுமை' என்ற பெயரில் சேமித்துவையுங்கள். பட்டியலை எப்போதும் அதிலிருந்தே எடுங்கள்.