பஞ்சமி நிலம்: கைக்கு வந்ததும் கைநழுவியதும்

வறுமையைப் போக்க அரசு என்ன செய்தது என்று வினவினால், நியாயவிலைக் கடை அரிசியும், பள்ளிச் சத்துணவும், முதியோர் உதவித்தொகையும் நம் நினைவுக்கு வரும். இவை பசியாற்றுகின்றன, இவற்றைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும், ஏழைக்குச் சோறிடுவது ஒன்று. அவன் எவரையும் அண்டி நில்லாமல் காலூன்ற ஒரு துண்டு மண் தருவது மற்றொன்று. இந்த இரண்டாம் வழியை அரசு ஒருமுறை நமது செங்கல்பட்டுச் சீமையிலேயே தொடங்கியது. அவ்வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

சேரப்பணஞ்சேரி, ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆகியன அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். இங்கே மிராசு முறை வேரூன்றியிருந்தது. விளைநிலம் மட்டுமன்று, ஊர்த் தரிசின் மீதும், சேரி அமைந்த மனையின் மீதும் மிராசுதாரர் உரிமை பாராட்டினர். தரிசு நிலம் கேட்டு ஓர் ஏழை தர்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதாரரின் விருப்பமே முதலில் கேட்கப்பட்டது. கூலி உயர்த்திக் கேட்ட படியாளைக் குடிசையிலிருந்தே வெளியேற்ற முடிந்தது. நிலமின்மை என்பது இங்கே வெறும் பொருட்குறை அன்று. வாய்திறக்க முடியாத நிலை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இந்த நிலையை உலகுக்குக் காட்டியது. நிவாரணப் பணியில் உழைத்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று அரசின் தூதராக வந்த ரிச்சர்டு டெம்பிள் 1877இல் வரையறுத்தார். செலவைக் குறைப்பதே அன்றைய நலக் கொள்கையாக இருந்தது. மழை திரும்பியதும் நிவாரணப் பணிகள் முடிந்தன. மக்களோ பழைய மிராசுதாரரின் வாசலுக்கே திரும்பினர்.

மாற்றுச் சிந்தனை 1891இல் எழுந்தது. அவ்வாண்டு மே மாதம் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, உழைப்பவன் தன் உழைப்பின் பயனாக நிலம் பெறும் நிலை வர வேண்டும் என்று வலியுறுத்தினார். அதே ஆண்டில் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி ஆகிய மறைபரப்பாளர்கள் சேரி மக்களுக்கு நிலம் வேண்டி எழுதியும் மனுச் செய்தும் வந்தனர். ஒருவர் குரலை ஒருவர் கேட்டுத்தான் இவர்கள் பேசினர் என்று நாம் சொல்ல வரவில்லை. காலம் கனிந்தபோது நீதியின் குரல் பல வாய்களிலிருந்து எழுகிறது என்பதே நாம் இங்குக் காண்பது.

அந்த ஆண்டு அக்டோபரில், செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் நிலை பற்றிய தம் குறிப்பை அரசுக்கு அளித்தார். மனைக்கு உரிமை, பயிரிட நிலம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றை அவர் வேண்டினார். அதிகாரிகள் பலர் மறுத்தனர். மிராசுதாரர் எதிர்ப்பை அரசு அஞ்சியது. இறுதியில் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வருவாய்த் துறை அரசாணை 1010/10-அ பிறந்தது. அவர் கேட்டதனைத்தும் கிடைக்கவில்லை. எனினும் தரிசுகளை ஒதுக்கீடு செய்ய வழி பிறந்தது. அந்நாளில் ‘பஞ்சமர்’ என அழைக்கப்பட்டோருக்கு உரியதாகையால் அது பஞ்சமி நிலம் எனப்பட்டது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறுவர்.

இந்நிலங்களுக்கு இடப்பட்ட நிபந்தனைகள் நுட்பமானவை. முதற் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்றலாம். மீறினால் அக்கைமாற்று செல்லாது. அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். கடனும் கட்டாயமும் ஏழையின் கையெழுத்தை எளிதில் வாங்கிவிடும் என்பதை உணர்ந்த வேலி இது.

வேலி இருந்தும் பயிர் மேயப்பட்டது எவ்வாறு? முதலாவது, கிடைத்தது பெரும்பாலும் கரம்பு. மாடு, விதை, கிணறு ஏதுமின்றி அதைக் கழனியாக்க முடியவில்லை. இதனை உணர்ந்தே ஆண்ட்ரூ செங்கல்பட்டுப் பகுதியில் மெல்ரோசாபுரம் என்னும் வேளாண் குடியேற்றத்தை அமைத்தார். அத்தகைய துணை எல்லாச் சேரிகளுக்கும் கிட்டவில்லை. இரண்டாவது, ஒரு திருமணம், ஒரு நோய், ஒரு மழை பொய்த்த ஆண்டு ஆகியவற்றுள் ஒன்று வந்தாலே கைநாட்டு வைக்கப் போதுமானது. மூன்றாவது, கணக்கு எழுதுபவரும் பதிவு செய்பவரும் நிபந்தனையைக் கண்டும் காணாதிருந்தனர். 1979இல் தொடங்கிய நிலவுடைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பழைய பதிவேடுகளின் பஞ்சமிக் குறிப்புகள் பல விடுபட்டன என்பது தலித் அமைப்புகளின் நெடுநாள் முறையீடு.

இம்முறையீடு 1994இல் இரத்தம் சிந்தியது. செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டனர். அக்டோபர் 10 அன்று நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். 1892இல் அரசே எழுதித் தந்த உரிமையை அரசிடமே கேட்டு, நூறு ஆண்டுகளுக்குப் பின் இரண்டு இளைஞர் மாண்டனர் என்பது நம் மனச்சான்றை உறுத்த வேண்டும்.

விவிலியத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் அறிவோம் (1 அரசர் 21). ஆகாபு நல்ல விலையும் மாற்று நிலமும் தருவதாகவே முதலில் சொன்னான். ஆனால் நாபோத்துக்கு அது விலைப்பொருள் அன்று, மூதாதையர் உரிமை. பின்னர் நடந்ததோ முத்திரையிட்ட கடிதங்களாலும் பொய்ச்சாட்சியாலும் நடந்தது. ஆவணங்களைக் கொண்டே அநீதி செய்யலாம் என்பதை அப்பகுதி அன்றே காட்டிவிட்டது.

இப்போது நமது ஊர்ச் சாலையை நோக்குவோம். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் ஒரகடம் சிப்காட் வளர்ந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இருமருங்கும் மனைகளாயின. ஒரு காலத்தில் எவரும் சீந்தாத கரம்புக்கு இன்று பொன்விலை. வேலைவாய்ப்பு வந்ததை நாம் மறுக்கவில்லை. நம் பிள்ளைகள் பலர் அவ்வாலைகளில் உழைக்கின்றனர். ஆனால் ஒப்பந்தக் கூலிக்கு நாளை வேலை இல்லை என்றால் திரும்பி வர மண் இருக்கிறதா? ஏழை தன் நிலத்தை விற்பதும் அவன் விருப்பம்தானே என்பாருக்கு நம் மறுமொழி இதுவே: செல்லாத கைமாற்றில் வாங்கியவன் மலிவாகவே வாங்கினான், விலை உயர்ந்தபோது இலாபம் அவனுக்கு, கைநாட்டு வைத்தவனுக்கோ அன்றைய கடன் தீர்ந்த ஆறுதல் மட்டுமே.

ஆகவே இவ்வரலாறு தரும் பாடம் தெளிவு. நலத்திட்டம் உரிமையாக மாறும்போதே வறுமையின் வேர் அசைகிறது. அவ்வுரிமையை அறிந்து காப்பவர் இல்லையேல் அது ஏட்டளவில் நின்றுவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பழைய அ-பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெற எந்தக் குடிமகனுக்கும் வழி தருகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர் சிலர், எழுதத் தெரியாத ஒரு குடும்பத்தின் அருகமர்ந்து அம்மனுவை எழுதிக் கொடுத்தால், அது மிகச் சிறந்த அன்புப் பணிகளுள் ஒன்றாக அமையும்.