ஆரன் டயமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையம்

நியூயார்க்கில் 1991இல் தொடங்கப்பட்ட தனியார் மருத்துவ ஆய்வு நிறுவனம். ஹெச்.ஐ.வி. உடலுக்குள் பெருகும் வேகத்தை அளந்து காட்டியதால் பெயர்பெற்றது.

தோற்றம்: கட்டடத் தொழிலில் பொருளீட்டிய ஆரன் டயமண்ட் 1984இல் மறைந்தார். அவரது அறக்கட்டளையின் பணம் முழுவதையும் பத்தாண்டுகளில் செலவிட்டு முடிப்பதென மனைவி ஐரீன் முடிவெடுத்தார். அதில் ஒரு பங்கு இம்மையத்துக்கு வந்தது. நாற்பது வயதைத் தொடாத டேவிட் ஹோ முதல் இயக்குநரானார்.

1994–1996: தொற்றியவர் பல ஆண்டுகள் நோய்க்குறி இன்றி இருப்பதால், அக்காலத்தில் கிருமி பெரிதும் அடங்கிக் கிடப்பதாகவே பலர் கருதினர். ஹோ குழுவினர் 20 நோயாளிகளுக்கு, பின்னர் ரிட்டோனவிர் எனப் பெயர்பெற்ற புரோட்டியேஸ் தடுப்பு மருந்தைக் கொடுத்து, அடுத்தடுத்து இரத்தம் எடுத்துக் கிருமிகளை எண்ணினர். புதுக் கிருமிகள் உருவாவதை மருந்து தடுத்ததும், ஏறத்தாழ 2 நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கை பாதியானது. மருந்துக்கு முன் அந்த எண்ணிக்கை ஏறாமலும் இறங்காமலும் இருந்தது. அப்படியானால் உடல் அன்றாடம் அழித்த அளவுக்குக் கிருமியும் அன்றாடம் பிறந்துகொண்டிருந்திருக்க வேண்டும். லாஸ் அலமோஸின் ஆலன் பெரல்சன் இவர்களோடு சேர்ந்து 1996இல் போட்ட கணக்கு: நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி. இந்த வேகத்தில் பெருகி உருமாறும் கிருமி ஒற்றை மருந்துக்குப் பிடிகொடுக்காது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு இது வலுவான காரணமாயிற்று.

ஹோ குழுவின் இரத்தச் சோதனை முடிவை வெளியிட்ட ‘நேச்சர்’ 1995 சனவரி இதழிலேயே அலபாமாவின் ஜார்ஜ் ஷா குழுவின் ஒத்த முடிவும் வந்ததால், முதன்மை யாருக்கு என்று அறுதியிடுவதில்லை. கூட்டுச் சிகிச்சையின் வெற்றியில் இந்த ஆய்வுக்கு எவ்வளவு பங்கு, மருந்து நிறுவனங்களின் சோதனைகளுக்கு எவ்வளவு பங்கு என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. சில ஆண்டு சிகிச்சையில் கிருமியை முற்றும் ஒழிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு, உறங்குநிலை உயிரணுக்களில் அது நெடுங்காலம் தங்குவது 1997இல் தெரியவந்தபின் தளர்ந்தது.

பிற்காலம்: கிருமிக்குப் பலமுறை ஆட்பட்டும் தொற்று ஏற்படாத இருவரிடம், கிருமி உயிரணுவுக்குள் நுழையும் வாயிலான சி.சி.ஆர்.5இன் மரபணுக் குறையை மையத்தார் 1996இல் கண்டனர். அந்த வாயிலை அடைக்கும் மராவிராக் மருந்து 2007இல் அமெரிக்க அனுமதி பெற்றது. மையத்தின் பங்களிப்பில் உருவான ஆட்வாக்ஸ் தடுப்பூசி சென்னையிலும் புனேயிலும் முதற்கட்டச் சோதனைக்கு உள்ளானது. மையம் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.