வாயால் பாடி வளர்ந்த பெரிய இசை
ஸ்கொட்லாந்து மலைநாட்டின் பாக்பைப் ஏடுகள்

ஸ்கொட்லாந்து எண்டவுடன் எங்கட பிள்ளைகள் சொல்வது இரண்டு விஷயம்: கட்டம் போட்ட பாவாடை, பாக்பைப். எடின்பரோ வீதிகளில் உல்லாசப் பயணிகளுக்காக ஊதுவதைக் கேட்டுவிட்டு "ஒரே இரைச்சல்" எண்டு கடந்து போகிறவர்கள் கனபேர். ஆனால் வீதியில் கேட்பது அந்த வாத்தியத்தின் முழு இசை அல்ல. அணிவகுப்புக்கும் ஆட்டத்துக்கும் ஊதுவதை மலைநாட்டு மக்கள் தங்கள் கெய்லிக் மொழியில் "சின்ன இசை" என்கிறார்கள். "பெரிய இசை" என்று வேறொன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைப் பீப்ரொக் என்பார்கள்.

இந்த வாத்தியத்தில் வருவது ஒன்பதே ஒன்பது சுரம். அந்த ஒன்பதை வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் ஒரு உருப்படியை ஊதுகிறார்கள். முதலில் மெதுவாக ஒரு மெட்டு வரும். அதை "ஊர்லார்", அதாவது தரை, என்பார்கள். பிறகு அந்தத் தரையின் மேல் சுற்றுச் சுற்றாக விரலலங்காரங்கள் கூடிக்கொண்டே போகும். உச்சத்துக்குப் போனபின் திரும்பவும் அதே தரைக்கு வந்து நிற்கும். இறந்தவருக்கு ஒப்பாரி, குலத்தலைவனுக்கு வாழ்த்து, போருக்கு அழைப்பு என்று ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு காரணம் உண்டு.

எழுத்தில்லாத பள்ளிக்கூடம்

இந்த இசையைக் குலத்தலைவர்களின் பரம்பரைக் கலைஞர்கள் காத்து வந்தார்கள். அவர்களில் பெயர்பெற்றது ஸ்கை தீவின் மக்கிறிமன் குடும்பம். பொறரெய்க் என்ற இடத்தில் இருந்த அவர்களிடம் படிக்க மலைநாடு முழுவதிலும் இருந்து மாணவர்கள் போவார்கள். அங்கே புத்தகம் இல்லை. குரு வாயால் பாடுவார், மாணவன் திருப்பிப் பாடுவான், பிறகுதான் குழல் கையில் வரும். அப்படிப் பாடும் அசைகளுக்குக் "கவுந்தரக்" என்று பெயர்.

கோயில் வீதியில் தவில்காரர் மடியில் தட்டிச் சொற்கட்டுச் சொல்லுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே இது எனக்கு உடனே விளங்கியது. "ஹிந்தரிட்", "ஹோதரிட்", "ஹோபந்த்ரே" என்று பாடுவார்கள். முதல் அசை எந்தச் சுரம் என்று காட்டும். பின்னால் வரும் "தரிட்", "பந்த்ரே" என்பவை விரல் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும். அகராதியில் தேடினால் பொருள் கிடைக்காது. கையால் செய்தால்தான் கிடைக்கும்.

1746ல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றது. அதன்பின் வந்த ஆயுதத் தடைச் சட்டம் பாக்பைப்பைப் பெயர் சொல்லித் தடை செய்ததாகக் கனபேர் எழுதுவார்கள். உண்மையில் சட்டத்தில் அப்படி இல்லை. ஆனால் அதே வருடம் ஜேம்ஸ் ரீட் என்ற பைப் கலைஞரை யோர்க் நகரில் தூக்கிலிட்டார்கள். வாள் ஏந்தாதவர் என்ற வாதம் எடுபடவில்லை. அவருடைய வாத்தியமும் போர்க்கருவிதான் என்று நீதிமன்றம் கொண்டது. இதைவிடப் பெரிய அடி, பழைய குல அமைப்பு உடைந்ததுதான். தலைவர்கள் வெறும் நிலச் சொந்தக்காரர் ஆனார்கள். கலைஞனுக்குப் பரம்பரையாகக் கொடுத்த காணி கைவிட்டுப் போனது. குடிகள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். 1773ல் ஸ்கை தீவுக்குப் போன ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜோன்சன், மக்கிறிமன் பள்ளி இன்னும் முற்றாக அழியவில்லை என்று எழுதினார். அந்த ஒரு வசனமே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

கடலில் எழுதிய புத்தகம்

பெரிய இசையைப் பற்றி இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நூல் ஸ்கொட்லாந்துக்கு வெளியே பிறந்தது. ஜோசப் மக்டொனால்ட் என்ற போதகரின் மகன் 1760ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்தில், ஊரில் கேட்டதை நினைவில் வைத்து, வாத்தியத்தின் இலக்கணத்தையே எழுதினார். 1763ல் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கையெழுத்துப் பிரதி வங்காளத்தில் கிடந்தது. அங்கிருந்த சேர் ஜோன் மக்கிரகர் மறே என்ற அதிகாரி அதைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். அண்ணன் பற்றிக் 1803ல் அதை அச்சேற்றினார். ஊரை விட்டுப் போனவன்தான் ஊரின் இசையை எழுதி வைத்தான்.

நடுவர்கள் வாசிக்க முடியாத ஏடு

இரண்டாவது கதை ஆர்கைல் பகுதி, நெதர் லோர்னைச் சேர்ந்த கொலின் கம்பெல் என்ற கலைஞருடையது. 1797 என்று ஆண்டு குறித்த அவருடைய ஏட்டில் மேற்கத்தைய இசைக்குறி ஒன்றுகூட இல்லை. வாயால் பாடிய அசைகளையே வரி வரியாக எழுதி வைத்தார்.

அந்தக் காலத்தில் லண்டன் மலைநாட்டுச் சங்கம் 1781 முதல் பைப் போட்டிகள் நடத்தி வந்தது. ஐந்து கோட்டு இசைக்குறியில் எழுதித் தருபவர்களுக்குப் பரிசும் கொடுத்தது. 1816ல் எடின்பரோ போட்டிக்கு கம்பெல் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் இந்த அசை ஏட்டில் ஒரு தொகுதியைக் கொண்டு போனார். பெரிய மனிதர்கள் புரட்டிப் பார்த்தார்கள். ஏதோ தெரியாத பாஷையில் எழுதிய கதைபோலத் தெரிந்தது. அது இசை என்று ஒருவரும் ஊகிக்கவில்லை. மூன்று தொகுதிகள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. இரண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரும்பக் கிடைத்தன. இன்று அவை எடின்பரோ தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் 160க்கும் மேற்பட்ட உருப்படிகள் உண்டு. பல வேறெங்கும் இல்லாதவை. மூன்றாவது தொகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

பரிசு கிடைத்த வழி வேறு. அங்கஸ் மக்கே என்ற இளைஞர் 1838ல் 61 உருப்படிகளை ஐந்து கோட்டுக் குறியில் அச்சிட்டார். 1843ல் விக்டோரியா மகாராணியின் முதல் அரச பைப் கலைஞரும் ஆனார். கடைசிக் காலத்தில் மனநோய் வந்து, 1859ல் நித் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவருடைய உழைப்பு இல்லாவிட்டால் நிறைய அழிந்திருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் நீட்டியும் நிறுத்தியும் மூச்சுவிடும் இசையை ஐந்து கோட்டுக்குள் அடைத்தபோது அதன் நடை மாறிவிட்டது. போதாததற்கு, அச்சில் உள்ளதே சரி என்ற எண்ணம் வந்தது. 1903ல் தொடங்கிய பீப்ரொக் சங்கத்தின் பதிப்புகள் அதை இன்னும் இறுக்கின. கிழவர் ஒருவர் தன் குரு சொன்னபடி ஊதினால், புத்தகம் வைத்திருந்த நடுவர் பிழை என்றார்.

காலம் மாறியது. அதே சங்கம் இப்போது பழைய கையெழுத்து ஏடுகளை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இளம் கலைஞர்கள் கம்பெலின் அசைகளை மீண்டும் வாய்விட்டுப் பாடி, அச்சுப் புத்தகத்தில் தவறிய நடைகளைத் தேடுகிறார்கள். ஒருவருக்கும் விளங்காது என்று ஒதுக்கிய ஏடுதான் இன்றைக்கு அவர்களுக்குக் கைவிளக்கு.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வீடுகளில் தாலாட்டும் ஒப்பாரியும் கூத்துப் பாட்டும் தெரிந்த வயதானவர்கள் இருக்கிறார்கள். எழுதி வைப்பதானால், அவர்கள் வாயில் வந்த சொல்லிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம். வெள்ளைக்காரருக்கு விளங்க வேண்டும், பேரப்பிள்ளைக்கு நாகரிகமாக இருக்க வேண்டும் என்று மாற்றவும் வேண்டாம். விளங்கப்படுத்துகிற வேலையைப் பிறகு வருகிறவர்கள் செய்துகொள்ளலாம். மூன்றாவது தொகுதி எங்கட வீட்டில் தொலையாமல் இருந்தால் போதும்.