கலை–அறிவியல் கூட்டாக்கம் (தமிழகம்)

கலைஞரும் அறிவியலாளரும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, புதிய கருவிகளின் துணையோடு, ஒருவர் வேலை மற்றவர் வேலையை மாற்றும்படி சேர்ந்து உழைப்பது கலை–அறிவியல் கூட்டாக்கம் எனப்படும். கலைஞர் கேட்டபடி பொறியாளர் ஓர் எந்திரம் செய்து கொடுப்பதும், அறிவியலாளரின் நூலுக்கு ஓவியர் படம் போட்டுக் கொடுப்பதும் ஒப்பந்த வேலைகள். அவை இங்கே பெரிதாகக் கொள்ளப்படவில்லை. தமிழகத்தில் இம்முயற்சியின் தாய்வீடு தாம்பரம். அங்கிருந்து படப்பை வழியாக ஒரகடம் சென்று, ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வரை விரியும் தொழிற்பகுதிக்கு இக்கதையில் பிற்காலத்துப் பங்கு ஒன்று உண்டு.

முன்னோடிகள்

திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன் (1888–1970) ஒளியியலில் புகழ்பெறும் முன்பே இசைக்கருவிகளின் ஒலியியலில் ஊறியவர். வயலினையும் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தவர் மிருதங்கத்தையும் விடவில்லை. வட்டத் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்சுரங்கள் பொதுவாக ஒன்றோடொன்று சேர்வதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பும் கரணை என்னும் கருஞ்சாந்து இந்தக் குறையைத் தீர்க்கிறது. சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இராமன் இதைச் சுருக்கமாக அறிவித்தார். தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து ஒத்திசைச் சுரங்களாக ஒன்றுகூடுவதை 1934-இல் விரிவாக எழுதினார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, அது அதிரும்போது மணல் ஒதுங்கி நிற்கும் கோடுகளைப் படம் பிடித்தார். அப்படங்களைப் பார்க்கும் தமிழருக்குக் கோலம் நினைவுக்கு வராமல் போகாது. கரணையின் பதத்தைக் காதாலேயே கண்டறிந்த மிருதங்கம் செய்வோர், பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் பெயரோடும் ஊரோடும் வருகிறார்கள்.

மேலைநாட்டில் இத்துறை அமைப்பாக உருவெடுத்தது 1966-இல். பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பர்க்கும் 10 கலைஞர்களையும் சுமார் 30 பொறியாளர்களையும் திரட்டி, நியூயார்க்கின் பழைய படைக்கூடம் ஒன்றில் ஒன்பது மாலைகள் நிகழ்ச்சி நடத்தினர். இதிலிருந்து பிறந்த ‘கலை, தொழில்நுட்பச் சோதனைகள்’ என்ற அமைப்பின் காற்று இந்தியப் பக்கமும் வீசியது. அதனோடு தொடர்புள்ள இசையமைப்பாளர் டேவிட் டியூடர், ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் மோக் மின்னிசைக் கருவியை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் 1972 வரை அங்கே பதிவுசெய்த நாடாக்கள் 2023-இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. இந்தியக் கதையை ஆமதாபாத்தில் தொடங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. தமிழகத்தின் கதையில் அடுத்து வரும் தாம்பர முயற்சியே முதன்மையானது. ஆமதாபாத்துக்குக் கருவி வெளியிலிருந்து வந்தது, தாம்பரத்தில் கருவியே வாசலில் கிடந்தது.

தாம்பரம்: கோலத்துக்கு இலக்கணம்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணி (1932–1988) ஒரு துறைக்குள் அடங்கியவர் அல்லர். மைக்கேல் லாக்வுட், பி. தயானந்தன் ஆகியோருடன் மாமல்லபுரச் சிற்பங்களை ஆராய்ந்து 1974-இல் நூல் வெளியிட்டார். சிற்பங்களின் அணியும் ஆடையும்கூட அவருக்கு எண்ணிப் பார்க்கத்தக்க தரவுகள். அச்சுத் தமிழெழுத்தைக் கணினி அடையாளம் காணும் வழியைத் தேடினார். சிந்துவெளி முத்திரைக் குறிகளையும் கணக்கிட்டுப் பார்த்தார். அவர் மனைவி ராணி சிரோமணி கோட்பாட்டுக் கணினியியலில் முறைசார் மொழிகளை ஆராய்ந்தவர். பின்னாளில் சென்னை ஐஐடியில் பேராசிரியராக விளங்கிய கமலா கிருத்திவாசன் இவர்களோடு சேர்ந்தார். மூவரும் எழுதிய ‘அணி இலக்கணங்களும் கோலமும்’ என்ற பொருளுடைய ஆங்கிலக் கட்டுரை 1974-இல் ‘கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசசிங்’ இதழில் வெளிவந்தது. இங்கே ‘அணி’ என்றது அலங்காரத்தை அன்று, வரிசைகளாக அடுக்கிய குறிகளை. கோலத்தைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் பொருந்தும். சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டில்தான் என்பதை நினைத்தால், கணினி வரைகலை இங்கே எவ்வளவு இளையது என்பது விளங்கும்.

சொற்களைக் கோத்து வாக்கியமாக்க விதிகள் இருப்பதுபோல், குறிகளை அடுக்கிப் படமாக்கவும் விதிகள் எழுதலாம். நோம் சோம்ஸ்கி 1956-இல் வகுத்த இலக்கணப் படிநிலை ஒற்றை வரியாக ஓடும் தொடருக்கு உரியது. கோலம் வரியன்று, பரப்பு. ஆகவே சிரோமணி குழுவினர் 1972 முதற்கொண்டே வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டனர். முதற்கட்ட விதிகள் மேல்வரியைக் கிடையாக எழுதும். இரண்டாம் கட்ட விதிகள் அவ்வரியின் ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒரே நேரத்தில் செங்குத்தாகக் கீழே இறங்கும். படத்தை இப்படி விதிகளாகப் பிரிக்கும் எண்ணத்துக்குத் தமிழர் முன்னோடி ஒருவர் உண்டு. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன், 1960-களின் தொடக்கத்தில் இல்லினாயில் இருந்தபோது, குமிழறையில் துகள்கள் விட்டுச் சென்ற தடங்களின் படங்களைக் கணினி படிப்பதற்காக இதே திசையில் சிந்தித்தார்.

வாசலில் போடுகிறவர்கள் தமக்குள் வைத்திருக்கும் குறியீடு இதைவிடச் சுருக்கமானது. ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று பத்திரிகைகள் மார்கழிதோறும் அச்சிடும் ஒற்றை வரி ஒரு முழு விதி. நடுவரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புள்ளி குறைந்து 8-இல் நிற்கும். வைக்கும் புள்ளி முன்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு ஊடே விழும். இவ்வளவையும் அந்த வரி சொல்லிவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் 169 புள்ளி. கோலம் போடுபவர் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை; தரையில் 169 சரியாக விழுந்திருக்கும்.

வகைப்பாடு

1974 கட்டுரை கோலங்களை அவற்றைப் பிறப்பிக்கும் இலக்கணத்தின் வலிமையைக் கொண்டு மூன்றாகப் பகுத்தது. முடிவுறு கோலம் அளவு மாறாதது. பூசையறையில் நாளும் போடும் ஒரு சிறு தாமரையைப் போல அதற்கு வளர்ச்சி இல்லை. ஒழுங்குக் கோலத்தில் ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும். திண்ணை விளிம்பில் ஓடும் சங்கிலிக் கரையை எவ்வளவு தொலைவுக்கும் நீட்டலாம், முன்னே என்ன வந்தது என்று நினைவு வைக்க வேண்டியதில்லை. சூழல்சாராக் கோலத்தில் நினைவு வேண்டும்: இடப்பக்கம் ஏறியபடி வலப்பக்கம் இறங்க வேண்டும், இதழ்கள் இருபுறமும் எண்ணிக்கையில் ஒக்க வேண்டும்.

பெண்கள் பகுப்பது வேறு முறை. புள்ளிக் கோலம், படிக் கோலம், ஈர அரிசிமாவில் இழைக்கும் மாக்கோலம், புள்ளியைச் சுற்றிக் கோடு வளையும் கம்பிக் கோலம் என்பன அவர்கள் வழக்கு. கடைசி வகைக்கே ஊருக்கு ஊர் சிக்குக் கோலம், நெளிக் கோலம், சுழிக் கோலம் எனப் பெயர் மாறும். செவ்வாய், வெள்ளிக்கு இன்னது, துக்க வீட்டில் கோலமே இல்லை என்ற நாள்முறையும் உண்டு. எனினும் இலக்கண வகைப்பாடே நுட்பமானது.

கம்பிக் கோலமும் சுழல் இலக்கணமும்

கம்பிக் கோலத்தின் கோடு புள்ளியைத் தொடாமல் வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் முறைக்கு இது எளிதில் பிடிபடவில்லை. கிஃப்ட் சிரோமணி கோலத்தைப் படமாகப் பார்ப்பதை விட்டுக் கையின் நகர்வுகளாகப் பார்க்கத் தொடங்கினார். நேரே போ, அரைத் திருப்பம், முழுத் திருப்பம், புள்ளியைச் சுற்றி வா என்ற ஒரு சில நகர்வுகளின் தொடரே கோலம் என்று கொண்டார். கோலம் போடப் பழகியவர் மனத்தில் இருப்பதும் படத்தைக் காட்டிலும் இந்தத் தொடர்தான். பாதியில் பேச்சுக் கொடுத்தால் கை தடுமாறுவதைப் பார்த்தவர்கள் இதை ஒப்புவர். எந்தப் புள்ளியருகே தொடங்கினாலும் அதே கோலம் வரும் என்பதால், தொடரைச் சுழற்றினாலும் பொருள் மாறாத ‘சுழல் இலக்கணம்’ இதற்கு வேண்டியிருந்தது. இதைப் பற்றி ராணி சிரோமணியுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1987-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கிஃப்ட் சிரோமணி மறைந்தார்.

அவர் நினைவாக ஆர். நரசிம்மன் தொகுத்த மலரில் (1989) கோலம் இன்னொரு பாதையில் போயிற்று. பாசியின் வளர்ச்சியை விளக்க ஹங்கேரிய உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல் அமைத்த விதிமுறையைக் கொண்டே கிருஷ்ணர் கொலுசு, பாம்புக் கோலம் முதலியவற்றையும் கர்நாடக இசைத் தொடர்களையும் கணினியில் பிறப்பிக்கலாம் என்று பிரெமிஸ்லா புருசின்கியவிச், கமலா கிருத்திவாசன் முதலியோரின் கட்டுரை காட்டியது. செடி கிளைப்பதும் கோலம் பெருகுவதும் ஒரே விதியின் இரு முகங்கள் என்பது கவிஞர்கள் சொன்னதில்லை, கணினியியலாளர்கள் சொன்னார்கள்.

பிற்கால ஆய்வுகள் பல. மார்சியா ஆஷரின் 2002 கட்டுரை அமெரிக்க வாசகரிடம் கோலத்தைக் கொண்டு சென்றது. ஜப்பானில் நகாதா, யானகிசாவா ஆகியோர் அதை வடிவமைப்பு முறையாக ஆராய்ந்தனர். விண்கதிர் இயற்பியலாளர் எஸ். நாரணன் ஃபிபனாச்சி எண்களைக் கொண்டு கம்பிக் கோலங்களை உருவாக்கினார். அறிவியலாளரே கோலம் போட்ட அரிய நிகழ்வு இது. டிமதி வேரிங் உள்ளிட்டோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு 192 பெண்கள் போட்ட 3,000-க்கும் மேற்பட்ட கோலங்களை எடுத்து, சிக்கலும் எளிமையும் எவ்விதம் ஈடுகட்டப்படுகின்றன என்று அளந்தது. அந்த 192 பேரும் அதில் எண்ணாக நிற்கிறார்கள். இத்துறையில் கலைஞர் பெயரின்றி நிற்பது மரபாகவே ஆகிவிட்டது.

இசைத்துறை

இங்கே கலைஞருக்குப் பெயர் உண்டு. எச்.ஏ.எல். பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் பெங்களூரில் உருவாக்கிய மின்னணுத் தம்புரா இன்று சென்னைச் சபா மேடைகளில் பாடகருக்குப் பின்னால் ஒலிக்கிறது. கலைஞரும் பொறியாளரும் ஒருவரே என்பதால் இதைக் கூட்டாக்கம் எனலாமா என்ற கேள்வி எழும், எனலாம். பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த ‘காம்ப்மியூசிக்’ திட்டத்தில் (2011–2017) சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழு கர்நாடக இசையை ஏற்றது. ஆலாபனையில் ஒரு ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் பிடிகளைக் கணினி எப்படிக் கண்டுகொள்ளும் என்பது கேள்வி. சுரம், கமகம், பிடி ஆகியவற்றைப் பற்றி டி. எம். கிருஷ்ணாவும், அக்குழுவின் ஆய்வாளரும் பாடகருமான விக்னேஷ் ஈஸ்வரும் 2012-இல் சேர்ந்து எழுதினர்.

இருங்காட்டுக்கோட்டைப் பகுதி

‘இரும்’ என்பது பெரிய என்னும் பொருள்தரும் பழஞ்சொல். பெருங்காட்டை நினைவூட்டும் பெயருடைய இவ்வூரில் 1990-இல் மோட்டார் பந்தயத் தடம் வந்தது, 1996-இல் ஹூண்டாய் ஆலைக்குக் கால்கோளிடப்பட்டது, 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஹூண்டாயின் கொரியத் தாய் நிறுவனம் கலை–தொழில்நுட்பக் கூட்டாக்கத்தின் பெரும் புரவலர்களுள் ஒன்று. லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் 2015 முதல் ஆண்டுப் படைப்புகளுக்கு அது ஆதரவு தருகிறது. 2016-இல் ஃபிலிப் பாரெனோ அங்கே நுண்ணுயிர்களின் போக்குக்கேற்ப ஒளியும் ஒலியும் மாறும்படி செய்தார். 2021-இல் அனிக்கா யி ஹீலியம் நிரப்பிய எந்திரங்களை மிதக்கவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தின் கலை–தொழில்நுட்பத் திட்டத்துக்கும் 2015 முதல் இந்நிறுவனத்தின் ஆதரவு உண்டு. சென்னையில் 2006-இல் தொடங்கிய இன்கோ மையம் என்னும் இந்திய–கொரியப் பண்பாட்டு மையத்துக்கு ஹூண்டாயின் இந்தியக் கிளையும் டி.வி.எஸ். நிறுவனமும் துணைநிற்கின்றன.

கார் ஆலையின் வண்ணப் பூச்சுக் கூடத்தில், பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகாதபடி எந்திரக் கை நகர வேண்டிய பாதையும் கம்பிக் கோலமும் நெருங்கிய உறவினர். இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய ஏற்ற இடம் இதுவே: ஆயுத பூசையன்று ஆலை வாசலில் புள்ளி வைப்பவர்களும் உள்ளே எந்திரக் கைக்குப் பாதை வகுப்பவர்களும் ஒரே பேருந்தில் வரக்கூடும்.

இன்றைய நிலை

தமிழகத்துக்கு வெளியே, பெங்களூரில் 2009-இல் கலைமாணவர் குழு ஒன்று பாக்டீரியாவிலிருந்து மண்வாசனை எழுப்ப முயன்றது. டெல்லியில் 2018-இல் செயற்கை நுண்ணறிவு ஓவியக் கண்காட்சி நடந்தது. 2024-இல் பெங்களூரு சயன்ஸ் கேலரி தன் சொந்தக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. சென்னையில் பார்வதி நாயர் போன்ற ஓவியர்கள் நுண்ணோக்கிக் காட்சிகளைக் கையால் வரைந்து வருகின்றனர்.