ஒரு மில்லிமீட்டர் புழுவில் மரபணுவின் 'அட்ரஸ்' தேடுவது எப்படி? எளிய விளக்கம்

ஒரு குறைபாட்டுக்கு எந்த மரபணு காரணம்? அது எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் இருக்கு? டிஎன்ஏவை முழுசா படிக்கும் வசதி வருவதற்கு முன்பே இதற்கு விடை தேட உதவியது, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற குட்டிப் புழு.

ஏன் இந்தப் புழு?

நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய சுமார் மூன்றரை நாள் போதும். பெரும்பாலானவை இருபாலுயிரிகள். இணையே இல்லாமல் ஒரு புழு சுமார் 300 வாரிசுகளைத் தரும். ஆண் புழுக்களும் உண்டு என்பதால், வேண்டியபோது கலப்பும் செய்யலாம்.

கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த சிட்னி பிரென்னர், ரசாயனம் மூலம் இவற்றில் மரபணு மாற்றங்களை உண்டாக்கினார். சுமார் 100 மரபணுக்களை 6 பிணைப்புத் தொகுதிகளில் வரைபடமாக்கி 1974-ல் வெளியிட்டார்.

கலப்பு எப்படி நடக்கும்?

குட்டையாகத் தடித்த புழு ஒன்று. இதன் மரபணு இருக்கும் இடம் நமக்குத் தெரியும். சரியாக ஊர்ந்து போக முடியாத புழு இன்னொன்று. இதன் மரபணு எங்கே இருக்குன்னு தெரியாது. இரண்டுமே ஒடுங்கு பண்புகள். அதனால் கலப்பில் பிறக்கும் முதல் தலைமுறை இருபாலுயிரிகள் சாதாரணமாகத்தான் இருக்கும்.

அவற்றைத் தனியாக விட்டால் தானாகவே அடுத்த தலைமுறை வரும். விடை இங்கேதான். இரு மரபணுக்களும் வேறு வேறு குரோமோசோமில் இருந்தால், 16-ல் 1 புழுவுக்கு இரண்டு குறைகளும் இருக்கும். ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அப்படிப்பட்ட புழு கிட்டத்தட்ட கிடைக்கவே கிடைக்காது. இதுதான் மரபணுப் பிணைப்பு.

தூரத்தை எப்படி அளப்பது?

இனச்செல் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இது குறுக்கேற்றம். கயிற்றில் இருக்கும் இரண்டு முடிச்சுகளை நினைச்சுக்கோங்க. கயிறு எங்காவது அறுந்தால், நெருக்கமான முடிச்சுகள் பெரும்பாலும் ஒரே துண்டில் இருக்கும். தூரத்து முடிச்சுகள் பிரிய வாய்ப்பு அதிகம். 100 இனச்செல்களில் 1-ல் மட்டும் இப்படிப் பிரிந்தால், தூரம் 1 சென்டிமார்கன்.

நமக்கு என்ன பயன்?

இந்தப் புழு வளரும்போது உருவாகும் 1,090 உடல் செல்களில் 131 திட்டமிட்டபடி இறந்துவிடும். அதற்குத் தேவையான 'செட்-3' மரபணு 4-வது குரோமோசோமில் இருப்பதைக் கலப்புகள் காட்டின. அதைப் போன்ற மரபணு மனிதர்களிடமும் இருப்பது 1993-ல் தெரிந்தது. செல் இறப்பு தடைபடுவது புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்பதால், இது மருத்துவத்துக்கு முக்கியமான தகவல். பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் 2002-ல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்போதும் கலப்பு தேவையா?

தேவைதான். ரசாயனம் ஒரே புழுவில் பல மாற்றங்களை உண்டாக்கிவிடும். டிஎன்ஏவைப் படித்தால் அவற்றின் பட்டியல் கிடைக்கும். அதில் உண்மையான காரணம் எதுன்னு பட்டியல் மட்டும் சொல்லாது. தலைமுறை தாண்டியும் குறைபாட்டை விட்டுப் பிரியாமல் கூடவே வரும் பகுதி எது என்பதைக் கலப்புதான் காட்டிக் கொடுக்கும்.